இரண்டு துளை முன்னால்

டிராக்டருக்குப் புது சீட்டுப் போட்டு ஒரு மாதம் ஆகியிருக்காது. ஒரு வியாழக்கிழமை காலை, வேர்க்கடலை நிலம் ஒன்றை உழக் கிளம்பிய ஜெபக்குமார் டிராக்டரில் ஏறி உட்கார்ந்ததும் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. இறங்கிக் குனிந்து பார்த்தார். சீட்டுக்கு அடியில் துளை போட்ட இரும்புப் பட்டை ஒன்று உண்டு. ஓட்டுகிறவரின் கால் நீளத்துக்கு ஏற்றபடி போல்ட்டைக் கழற்றி, சீட்டை முன்னாலோ பின்னாலோ தள்ளி மாட்டிக்கொள்ளலாம். சீட்டு இப்போது இரண்டு துளை முன்னால் இருந்தது. போல்ட்டின் தலையில் ஸ்பேனர் பிடித்த தடம் பளிச்சென்று தெரிந்தது.

ஜெபக்குமார் நல்ல உயரம். கடைசித் துளையில்தான் அவருக்குச் சரியாக இருக்கும். சீட்டைத் தைத்துக் கொடுத்த வாசுதேவன் அந்தத் துளையில்தான் மாட்டினார். அவர் முறுக்கியது போதாதென்று ஜெபக்குமார் தானும் ஒரு முறை முறுக்கிப் பார்த்திருந்தார். அந்த வண்டியை அவரைத் தவிர யாரும் தொடுவதில்லை. சாவி வீட்டுக்குள் பைபிள் வைக்கும் அலமாரியில் இருக்கும். அப்படியென்றால், தன்னைவிடக் குட்டையான ஒருவன் தனக்குத் தெரியாமல் வண்டியை எடுத்துப் போகிறான். அன்று அவர் நிலத்துக்குப் போனார், உழுதார், திரும்பினார். மனசு முழுக்க அந்த இரண்டு துளையிலேயே இருந்தது.

அவர் எதையும் லேசில் நம்புகிறவர் இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிக் குலுக்கிப் பார்ப்பார். மளிகைக் கடையில் தராசுத் தட்டைத் துடைக்கச் சொல்லிவிட்டுத்தான் பருப்பு வாங்குவார். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுத்தால், அதில் அச்சிட்டிருக்கும் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டுத்தான் சட்டைப்பையில் வைப்பார். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அது பிறவியில் வந்த குணம் அல்ல.

கருங்குழியிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில், ஏரிக்கரையை ஒட்டியது அவருடைய ஊர். அவருடைய அப்பா ஊர்க்காரர்களின் நிலத்தில் கூலி வேலை செய்தவர். ஜெபக்குமார் மீசை முளைக்கும் வயதில் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு, தர்மராஜ் என்ற விவசாயியிடம் டிரைவராகச் சேர்ந்தார். தர்மராஜ் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பொங்கலுக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுப்பார். உடம்பு சரியில்லை என்றால் லீவு கொடுப்பார். ஆனால் சாயங்காலம் வண்டி திரும்பியதும், ஒரு மூங்கில் குச்சியை டீசல் டேங்கில் விட்டு எடுத்து, ஈரம் ஏறியிருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு ஜெபக்குமாரின் சாப்பாட்டுப் பையை வாங்கி உள்ளே பார்ப்பார்.

"உன்னச் சொல்லல ஜெபா. காலம் அப்டி கீது" என்பார்.

ஒரு நாளும் அந்தப் பையில் எதுவும் இருந்ததில்லை. ஒரு நாளும் அவர் பார்க்காமல் விட்டதுமில்லை. அத்தனை வருஷமும் ஜெபக்குமார் சிரித்த முகமாகப் பையை நீட்டிக்கொண்டு நின்றார்.

தர்மராஜ் புது வண்டி வாங்கியபோது பழைய சிவப்பு டிராக்டரை ஜெபக்குமாரே வாங்கிக்கொண்டார். அவர் பரம்பரையில் யாருக்கும் வண்டி வாகனம் இருந்ததில்லை. அதை வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று சர்ச்சிலிருந்து பாஸ்டர் ஐயர் வந்து ஜெபம் செய்தார், தெருவே கூடி நின்றது. வண்டியைக் கொட்டகையில் விட்டதும் ஜெபக்குமார் செய்த முதல் காரியம், ஒரு குச்சியை ஒடித்து டேங்கில் விட்டுப் பார்த்ததுதான். ஓட்டுவதும் அவர்தான், அளப்பதும் அவர்தான்.

வண்டியோடு வந்த சீட்டு ஏற்கெனவே தேய்ந்து போயிருந்தது. ரெக்சின் கிழிந்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் ரஸ்க்குத் தூள் மாதிரி உதிர்ந்தது. அடியில் ஒரு பக்கத்து ஸ்பிரிங் ஒடிந்து, சீட்டு இடது பக்கம் சாய்ந்தே நின்றது. அதன் மேல் சாக்கை மடித்துப் போட்டு ஓட்டினார். ஒவ்வொரு வரப்பு ஏறி இறங்கும்போதும் அந்த அடி இரும்புத் தட்டிலிருந்து நேரே முதுகெலும்பில் போய் விழுந்தது. முதலில் இடுப்பு வலித்தது. பிறகு வலி இடது காலில் இறங்கி, கிளட்சை மிதிக்கும்போது பாதம் மரத்துப்போனது.

மனைவி ஜெனிட்டா வற்புறுத்தி அவரைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முதுகுத் தண்டில் ஒரு தட்டு பிதுங்கியிருக்கிறது, டிராக்டர் ஓட்டுவதை விட்டுவிடுவதுதான் நல்லது என்றார். வாரம் ஒரு முறை, புதன்கிழமை, வந்து முதுகுக்குக் கரண்ட் வைத்துக்கொள்ளவும் சொன்னார். ஜெபக்குமார் வெளியே வந்ததும், அந்தப் படம் தன்னுடையதுதானா, வேறு யாருடையதையாவது மாற்றிப் பார்த்துவிட்டாரா என்று கேட்டார். டாக்டர் சின்ன வயசு, டிராக்டரைப் பார்த்தே இருக்க மாட்டார், முதுகில் கோளாறே இல்லை, கோளாறு சீட்டில்தான் என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்படித்தான் சீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டோரம் சீட் வேலை செய்யும் வாசுதேவனிடம் போனார். வாசுதேவன் புதுசாக ஒன்றே வாங்கி மாட்டிவிடலாம் என்றார். கடையில் விற்கும் சீட்டுக்குள் என்ன அடைத்திருக்கிறானோ என்று ஜெபக்குமார் மறுத்துவிட்டார். பழைய தட்டை நிமிர்த்தி, துரு அரித்த ஓட்டையை வெல்டு வைத்து, ஸ்பிரிங் இரண்டையும் மாற்றி, கெட்டி ஸ்பாஞ்ச் வைத்துத் தைப்பதென்று முடிவானது. வேலை முடியும் வரை ஜெபக்குமார் அங்கிருந்து அசையவில்லை. ஸ்பாஞ்சை அறுக்கும்போது கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். ரெக்சினை மோந்து பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"இன்னா ஜெபா, மூடித் தெச்சேன்னா உள்ள கல்லு வெச்சிருவேன்னு பாக்கிறியா?" என்று வாசுதேவன் கடைசியில் கேட்டேவிட்டார். ஜெபக்குமார் சிரித்தார். ஆனால் நகரவில்லை.

புது சீட்டு உண்மையிலேயே நன்றாக இருந்தது. முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து, பாதி வலி போய்விட்டது என்றார். மறுநாள் மாத்திரை போட்டுக்கொண்டார். அதை அவர் சொல்லவில்லை.

சீட்டு முன்னால் நகர்ந்திருந்ததைக் கண்டுபிடித்த அன்று சாயங்காலம் அவர் ஜெனிட்டாவிடம் விசாரித்தார். அவள் பொத்தேரியில் ஒரு பெண்கள் விடுதியில் துப்புரவு வேலை பார்க்கிறாள். இருட்டு பிரியும் முன் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு போய், அங்கிருந்து மின்சார ரயில். புதன்கிழமை அவளுக்கு வார லீவு. நேற்று நீ வீட்டில்தானே இருந்தாய், யாராவது வந்தார்களா, வண்டிச் சத்தம் கேட்டதா என்று அடுக்கினார்.

"நீயே மாத்தி வெச்சிட்டு மறந்திருப்ப. அந்த மாத்திர சாப்ட்டா உனக்கு இன்னா நெனப்பு கீது?" என்று சொல்லிவிட்டு அவள் துணி எடுக்கப் போனாள்.

அந்தப் பதில் அவருக்கு ஒட்டவில்லை. மறுநாள் டயரைப் பார்த்தார். பட்டையின் இடுக்கில் வெளுத்த களிமண் காய்ந்திருந்தது. அவர் உழுத நிலங்களெல்லாம் செம்மண். வெளுத்த களிமண் வற்றிக் கிடக்கும் ஏரிக்குள்தான் உண்டு. டேங்கில் குச்சியை விட்டார். அவர் உழுத கணக்குக்கு மேல் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு பைக்கின் தடமும் இருந்தது.

குட்டையான ஆள், பைக், டிராக்டர் ஓட்டத் தெரிந்தவன். மூன்றும் தர்மராஜின் மகன் ரஞ்சித்குமாரிடம் பொருந்தியது. பழைய வண்டியைக் கொடுக்கும்போதே ரஞ்சித், விற்கிற எண்ணம் வந்தால் எங்களிடமே கொடு அண்ணாத்த என்று சொல்லியிருந்தான். அன்று அது பாசமாகத் தெரிந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால் அது வேறு மாதிரி இருந்தது.

அடுத்த புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன், சீட்டின் அடிப்பட்டையில் போல்ட்டைச் சுற்றி மெல்லிசாக மாவு தூவிவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது மாவு கலைந்திருந்தது. பெட்டிக்கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்ததில், ரஞ்சித் காலையில் பைக்கில் இந்தப் பக்கம் வந்துபோனான் என்று தெரிந்தது.

அதன் பிறகு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. டீசலும் வண்டியும் ஒரு பக்கம். இன்னொரு நினைப்பும் வந்தது. புதன்கிழமை தான் ஊரில் இல்லாத நாள். அது ஜெனிட்டா வீட்டில் இருக்கிற நாளும்தான். சாவியும் வீட்டுக்குள்தான் இருந்தது. அந்த நினைப்பை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சாப்பாடு போடும்போது அவள் கையை, போனில் பேசும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவளும் அதைப் பார்த்தாள்.

வெடித்தது டீக்கடையில்தான். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வரும் வழியில், ரஞ்சித் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஊர் ஆட்கள் நாலைந்து பேர். ஜெபக்குமார் நேரே அவன் முன்னால் போய் நின்றார்.

"இன்னா ரஞ்சித்து, என் சீட்டு உனக்கு சொகமா கீதா?"

ரஞ்சித் புரியாதவன் மாதிரி நிமிர்ந்து பார்த்தான். அந்த ஒரு கணம் அவன் முகத்தில் ஏதோ ஓடி மறைந்ததை ஜெபக்குமார் கவனித்தார். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஆளில்லாத நேரத்தில் வண்டியை எடுப்பதற்குப் பெயர் என்ன, உங்க அப்பா என் சாப்பாட்டுப் பையைத் தடவிப் பார்த்தாரே, யார் பையைப் பார்த்திருக்க வேண்டும் என்று குரலை உயர்த்திப் பேசினார். இருபது வருஷமாக உள்ளே கிடந்தது எல்லாம் வந்தது. கடையில் யாரும் அசையவில்லை. அந்த வீட்டுப் பிள்ளையை இந்தத் தெருக்காரர் கைநீட்டிப் பேசி அந்த ஊர் பார்த்ததில்லை.

ரஞ்சித் கிளாசைக் கீழே வைத்தான். கோபப்படுவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் கோபப்படவில்லை.

"எடுத்தேன்னே வெச்சிக்கோ அண்ணாத்த" என்று மட்டும் சொல்லிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

ஜெபக்குமார் வீட்டுக்கு நடந்து வரும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. செய்தி அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது. ஜெனிட்டா வாசலில் நின்றிருந்தாள், சர்ச்சுக்குக் கட்டிய புடவையைக்கூட மாற்றவில்லை.

"அவரு எடுக்கல. நாந்தான் எடுத்தேன்" என்றாள்.

ஜெபக்குமார் சிரித்தார். "அவனுக்கு நீ இன்னாத்துக்கு வக்காலத்து வாங்குற?"

அவள் இன்னொரு முறை சொன்னாள். ஓட்டியது நான்தான், ஏரிக்குள் கொண்டுபோய் ஓட்டிப் பழகுகிறேன் என்றாள். அவர் நம்பவில்லை. கால் எட்டாத பெண்பிள்ளை, ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாதவள், அந்தப் பழைய வண்டியை நகர்த்தக்கூட முடியாது என்று அவருக்குத் தெரியும். அவள் ஒருவனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்றால், ஏன் காப்பாற்றுகிறாள்? அவர் மனசு அங்கேதான் போனது. அவருடைய பார்வையே அதைச் சொன்னது.

ஜெனிட்டா உள்ளே போய் அலமாரியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். கொட்டகைக்குப் போய், டூல் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துப் போல்ட்டைக் கழற்றி, சீட்டை இரண்டு துளை முன்னால் தள்ளி மாட்டினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கியர் கம்பியை ஆட்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்தாள். கிளட்சை மிதிக்க அவள் சீட்டின் நுனிக்கு வரவேண்டியிருந்தது. வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தில் எல்லோரும் வெளியே வந்தார்கள். அவள் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடியே, வேப்பமரத்தில் இடிக்காமல் ரிவர்ஸில் எடுத்தாள். தெருவில் சர்ச் வரைக்கும் ஓட்டிப்போய், அங்கே ஒரே வளைவில் திருப்பி, வந்து, எடுத்த இடத்திலேயே விட்டாள்.

ஜெபக்குமார் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் இறங்கும்போது கை கொடுக்கப் போனார். அவள் தானே இறங்கினாள்.

உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு விவரமெல்லாம் வந்தது. கற்றுக்கொடுத்தது ரஞ்சித்தின் மனைவி காயத்ரி. செங்கல்பட்டில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், மற்ற நாட்களில் ஜெனிட்டா போகும் பஸ்ஸில்தான் வருவாள். பிறந்த வீட்டில் பள்ளிக்கூடம் படிக்கும்போதே டிராக்டர் ஓட்டியவள். கல்யாணமாகி வந்ததும், நம் வீட்டுப் பெண்கள் வண்டி ஏறுவது வழக்கமில்லை என்று மாமனார் தர்மராஜ் சொல்லிவிட்டார். பஸ்ஸில் பேசிப் பேசி இரண்டு பெண்களுக்கும் இந்த யோசனை வந்தது. புதன்கிழமை காயத்ரிக்கு மதிய ஷிஃப்ட். ரஞ்சித் அவளைப் பைக்கில் கொண்டுவந்து விடுவான், ஏரிக்கரையில் உட்கார்ந்து யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொள்வான். ஒவ்வொரு முறையும் சீட்டைப் பழைய இடத்திலேயே மாட்டிவிடுவார்கள். ஒரு நாள் யாரோ ஆடு ஓட்டிக்கொண்டு வந்ததால் அவசரத்தில் மறந்துவிட்டார்கள். டீக்கடையில் ரஞ்சித் உண்மையைச் சொல்லியிருந்தால் காயத்ரியின் பெயர் வெளியே வந்திருக்கும். அதனால் தன் தலையில் போட்டுக்கொண்டு போனான்.

"எங்கிட்ட சொல்லிருக்கலாம் இல்ல?" என்றார் ஜெபக்குமார்.

"சொல்லிருந்தா சாவிய இடுப்புல கட்டிகினு சுத்திருப்ப." ஜெனிட்டா செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டாள். பிறகு சொன்னாள்: "டாக்டர் சொன்னத நானும் கேட்டுகினுதான் இருந்தேன். சீட்டு மாத்துனா முதுகு மாறிடுமா? நீ படுத்துட்டா இந்த வண்டி யாரு கைக்குப் போவும்?"

அவர் தலை குனிந்திருந்தார்.

"நீ வேற மாரியும் நெனச்ச. எனக்குத் தெரியும்" என்றாள் அவள். அதை மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

அவர் இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் அது பொய். அன்று மதியம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி அவர்கள் மறுபடி பேசியதில்லை. ஆனால் அது அந்த வீட்டில் வெகுநாள் இருந்தது.

மறுநாள் காலை ஜெபக்குமார் டீக்கடைக்குப் போய்க் காத்திருந்தார். எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ரஞ்சித் வந்தான். கூடவே தர்மராஜும் வந்தார். மகனைத் திருடன் என்றவனைப் பார்க்கவே வந்திருந்தார். ஜெபக்குமார் எழுந்து நின்று, தப்பு என்னுடையது, வண்டியை எடுத்தது என் சம்சாரம், விசாரிக்காமல் வாய் விட்டுவிட்டேன் என்று ரஞ்சித்தைப் பார்த்துச் சொன்னார்.

"பொம்பளைக்கு யாருடா கத்துக் குடுத்தது?" என்று தர்மராஜ் கேட்டார்.

ரஞ்சித் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரிடமும் உண்மையைத் தோண்டித் தோண்டிக் கேட்டே வாழ்ந்த ஜெபக்குமாருக்கு, அந்த இடத்தில் பொய் தடங்கலில்லாமல் வந்தது.

"செல்லுல பாத்து கத்துக்கினாளாம். இப்ப எல்லாம் அதுல கீதே."

கடையில் சிரித்தார்கள். பெண்டாட்டி வண்டி ஓட்டுவதுகூடத் தெரியாத ஆள் என்று ஒருவர் சொன்னார். ஜெபக்குமார் அதை வாங்கிக்கொண்டார். தர்மராஜ் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் குச்சியில் ஈரத்தைத் தேடுவாரே, அந்தக் கண்ணோடு இவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போனார். ரஞ்சித் சரி என்று தலையாட்டினான். டீயை முடிக்காமலே கிளம்பினான். பழைய மாதிரி அண்ணாத்த என்று கூப்பிட அவனுக்கு இன்னும் பல மாதம் ஆனது.

ஜெனிட்டா எல்.எல்.ஆர். எடுத்து, பிறகு லைசென்சும் வாங்கினாள். முதல் வேலை திருக்கழுக்குன்றம் போகும் வழியில், சந்திரம்மா என்பவரின் நிலத்தில். பெண் ஓட்டப்போகிறாள் என்றதும் சந்திரம்மா வேண்டாம் என்றுதான் சொன்னார். பிறகு, வேறு வண்டி கிடைக்காததால் சம்மதித்து, வேலை முடியும் வரை வரப்பிலேயே நின்று ஒவ்வொரு உழவுச் சாலும் நேராகப் போகிறதா என்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ஜெபக்குமாரும் நின்றிருந்தார். நின்று பார்க்கிறவர்களின் மனசு அவருக்கு நன்றாகத் தெரியும். கடைசிச் சுற்று முடிந்ததும் சந்திரம்மா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு, கீழ்க் கொல்லையையும் சேர்த்து ஓட்டிவிடச் சொன்னார். அந்த வெயில் காலம் முடிவதற்குள் ஜெனிட்டா விடுதி வேலையை விட்டாள்.

ஜெபக்குமாரின் கால் மரப்பு குறைந்துவிட்டது. வலி முழுசாகப் போகவில்லை. போனில் வேலை பேசி வைப்பதும், கலப்பைக்குக் கிரீஸ் அடிப்பதும், எண்ணெய் மாற்றுவதும் இப்போது அவர் பங்கு. சிலிண்டரை இன்னும் குலுக்கிப் பார்க்கிறார்.

காயத்ரிக்கு அவள் வீட்டுப் புது வண்டியில் ஏற இன்றுவரை அனுமதி இல்லை. ஏரிப் பக்கத்து நிலங்களில் ஜெனிட்டா ஓட்டும் நாட்களில், மதிய ஷிஃப்டாக இருந்தால் வந்துவிடுவாள். ஜெனிட்டா இறங்கி இடம் கொடுப்பாள். காயத்ரி துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டே நாலைந்து சுற்று ஓட்டுவாள். ரஞ்சித் ஊர்ப் பக்கம் பார்த்தபடி கரையின் ஒரு முனையில் உட்கார்ந்திருப்பான். மெயின் ரோட்டைப் பார்த்தபடி மறுமுனையில் ஜெபக்குமார் உட்கார்ந்திருப்பார், தர்மராஜ் வருகிறாரா என்று.